ஞாயிற்றுக்கிழமை முட்டை

மூணுகிணத்துப்பட்டி வேதக்காரத் தெருவில் கோழி ஆறு நாள் இட்டால் வீட்டுக்கு; ஞாயிற்றுக்கிழமை இட்டால் ஆண்டவருக்கு. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியோ குதிரைவாலியோ அள்ளித் தனிக் கலயத்தில் போடுவதும், ஞாயிற்றுக்கிழமை விழுந்த முட்டையை உடைக்காமல் எடுத்து வைப்பதும் அங்கே பல் விளக்குவது மாதிரிப் பழகிப்போன காரியம். பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகையில் கலயமும் முட்டையும் அவர்கள் கையில் போகும். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். கோயில் விளக்கு எரிவதும் கூரைக்கு ஓலை மாறுவதும் அதில்தான்.

ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ரயில் ரோட்டுக்கு மேற்கே. நாற்பது வீடு, அதில் பதினாலு வேத வீடு, கிறிஸ்தவர்கள். கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். மண் சுவர், பனையோலைக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அந்தத் துண்டை அடித்தால் அதுதான் மணி.

இன்பத்துக்கு அப்போது எட்டு வயது. ஓய்வுநாள் பள்ளி என்றால் அவளுக்கு உயிர். இருக்காதா பின்னே? மற்ற ஆறு நாளும் சாணி பொறுக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், அம்மாவோடு பருத்திக் காட்டுக்குப் போய்க் குனிந்த தலை நிமிராமல் களை பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தலைக்கு எண்ணெய், துவைத்த பாவாடை, மத்தியானம் நெல்லுச்சோறு. வேப்பமரத்தடி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் யாரும் 'ஏட்டி, அதை எடு, இதை எடு' என்று கூப்பிட மாட்டார்கள்.

பாடம் சொல்லித் தருவது கோயிலை நடத்துகிற உபதேசியார் ஞானதுரையின் மனைவி ஏசம்மாள். பாளையங்கோட்டை போர்டிங்கில் படித்தவள். அவள் கதை சொன்னால் சும்மா சொல்ல மாட்டாள். கடல் பிளந்தால் அவள் கை இரண்டும் பிளக்கும். சிங்கம் வந்தால் முதல் வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்துவிடும். கதை முடிந்ததும் ஆளுக்கொரு படச்சீட்டு கொடுப்பாள். உள்ளங்கை அகலத்தில் வர்ணப்படம், கீழே ஒரு வசனம். இன்பம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போய் இருபத்தாறு சீட்டுச் சேர்த்து ஓலைப்பெட்டியில் வைத்திருந்தாள்.

அந்த ஐப்பசியில் அவள் அய்யா சத்தியநேசன் ராஜபாளையத்தில் புது மில்லுக்கு அஸ்திவாரம் போடுகிற இடத்தில் சுண்ணாம்பு அரைக்கிற வேலைக்குப் போயிருந்தார். திங்கள் விடியப் போனால் சனிக்கிழமை சாயங்காலம் வருவார். வீட்டில் அம்மா அன்னத்தாயும் இன்பமும் கறுப்பி என்கிற கோழியும்தான்.

அன்னத்தாய் நல்லவள். ஆனால் ரோசக்காரி. போன வருசம் அவள் கோயிலுக்குக் கொடுத்த முட்டையை ஏலத்தில் எடுத்துப்போன செல்லக்கனி, சட்டியில் உடைத்தால் கூமுட்டை. நாற்றம் மூன்று வீடு தாண்டிப் போனது. முட்டைக்குள்ளே என்ன இருக்கிறது என்று அன்னத்தாய் கண்டாளா? ஆனாலும் 'அன்னத்தாய் ஆண்டவருக்குக் கூமுட்டை குடுத்தா' என்று ஒரு மாதம் கிணற்றடியில் அதே பேச்சு. அதிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமை முட்டை என்றால் கூடுதல் கவனம். விழுந்த உடனே கரிக்கட்டையால் ஒரு சிலுவைக் கோடு இழுத்துத் தவிட்டுப் பானைக்குள் பத்திரமாக வைப்பாள்.

அந்த ஞாயிறு கறுப்பி மத்தியானச் சோற்று நேரத்தில்தான் இட்டது. ஆராதனை முடிந்து, ஏலமும் முடிந்து, ஆட்கள் வீடு திரும்பிய பிறகு. சரி, வருகிற வாரம் கொடுக்கலாம் என்று அன்னத்தாய் கோடு இழுத்துப் பானையில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை கறுப்பி இறக்கையைச் சிலுப்பிக்கொண்டு கரகரவென்று உறுமத் தொடங்கிவிட்டது. அடைக்கு உட்காரத் துடிக்கிறது. அன்னத்தாய்க்கோ காட்டுக்குப் போகிற அவசரம். கோடு போட்ட முட்டையைத் தனியே எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அய்யம்மாளைக் கூப்பிட்டாள். அய்யம்மாள் நாயக்கமார் வீட்டுப் பெண், வீட்டுக்குள்ளே தெலுங்கு பேசுகிறவள், கோழிகளைக்கூட 'ரா, ரா' என்றுதான் கூப்பிடுவாள். அவள் அடை வைத்தால் ஒன்றுகூடக் கெடாது என்று ஊருக்கே தெரியும்.

"யக்கா, தவிட்டுப் பானையில முட்டை கெடக்கு. உங்க கையால கறுப்பிக்கு அடை வச்சிருங்க. உங்க கைராசி வேற யாருக்கு வரும்?"

"நீ போ தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

அய்யம்மாளும் பார்த்துக்கொண்டாள். அதுதான் வினையாகிப்போனது. சாயங்காலம் களைக்கொத்தும் கையுமாக அன்னத்தாயும் இன்பமும் திரும்பி வரும்போது அவள் வாசலிலேயே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பதினோரு முட்டை வச்சிருக்கேன் அன்னம். அடியில மணல் போட்டு, வைக்கோல் சுத்தி, இரும்பாணி ஒண்ணும் போட்டிருக்கேன். செம்பகத்தோப்புப் பக்கம் மேகம் எப்பிடி இறங்குது பாத்தியா? இடி இடிச்சா முட்டை கலங்கிப் போகுமில்ல? நீ பாவம், இடிக்குக் காப்பா ஒரு முட்டைக்குக் கரிக்கோடு போட்டுட்டு நேரமில்லாம விட்டுட்டுப் போயிருக்க. நான் பாக்கிப் பத்துக்கும் போட்டுட்டேன். நீ இழுத்த மாதிரியே குறுக்கும் நெடுக்குமா."

அன்னத்தாய் விறுவிறுவென்று உள்ளே போனாள். கோழியை மூடியிருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்பி கழுத்தை உப்பிக்கொண்டு கொத்த வந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே எட்டிப் பார்த்தால் எல்லா முட்டையிலும் சிலுவை. அச்சுப் பிசகாமல் பதினோரு சிலுவை.

"நல்லாப் போட்டிருக்கிய யக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அய்யம்மாள் போனதும் இன்பம் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, இதுல ஆண்டவரோட முட்டை எது?"

"அதைத்தான் நானும் பாக்கேன்."

"அய்யம்மா பெரியம்மாகிட்ட ஒரு முட்டை வாங்கிக் குடுத்துருவமா?"

"அவ எதுக்கு என்னன்னு கேப்பா. விசயம் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிரும் அவளுக்கு. வெள்ளந்தி மனுசி, நல்லது செய்யப் போயி இப்பிடி ஆயிட்டுது." அன்னத்தாய் அடுப்பில் சுள்ளியை ஒடித்து ஒடித்துப் போட்டாள். "கோயில்ல சொன்னாலும் சும்மா இருப்பாளுகளா? போன வருசம் கூமுட்டை குடுத்தா, இந்த வருசம் ஆண்டவர் முட்டையை அடை வச்சுட்டாம்பாளுக. ஞாயித்துக்கெழமை டீச்சரம்மா கேட்டா, கறுப்பி இடலைன்னு சொல்லிரு. அம்புட்டுதான். போ, போய்க் கூழைக் குடி."

இன்பம் கம்பங்கூழைக் குடித்தாள். வெங்காயத்தைக் கடிக்காமலே எழுந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அய்யா வரவில்லை. மழைக்கு முன்னால் அஸ்திவாரத்தை முடித்தாக வேண்டும் என்று ஆட்களை நிறுத்திவிட்டார்களாம், காலையில் வண்டி கிடைத்தால் நேரே கோயிலுக்கு வந்துவிடுவாராம் என்று சேத்தூர் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை இன்பம் கலயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஏசம்மாள் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் வாங்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்பம். அரிசி இருக்கு. முட்டை எங்க?"

"கறுப்பி இடலை டீச்சரம்மா."

"போன ஞாயிறும் இல்ல, இந்த ஞாயிறும் இல்லையா?"

பையன்கள் வரிசையிலிருந்து மைக்கேல் என்கிறவன், "கறுப்பியும் ஓய்வுநாள் ஆசரிக்கு டீச்சரம்மா" என்றான். பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. ஏசம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்பம் தப்பித்தோம் என்று உட்கார்ந்தாள்.

கேடுகாலம், அன்றைக்குப் பாடமாக அமைந்தது இந்தக் கதை. ஆதிச் சபையில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்களாம். நிலத்தை விற்றார்களாம். எல்லாவற்றையும் ஆண்டவருக்கே கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சத்தை வீட்டில் ஒளித்து வைத்தார்களாம்.

"புருசங்காரன் வந்து நின்னான். அம்புட்டும் இதுதானான்னு சபைப் பெரியவரு கேட்டாவ. அம்புட்டும் இதுதான்னான். சொன்ன வாய் மூடலை..." ஏசம்மாள் கண்ணைச் செருகி அப்படியே மணலில் சாய்ந்து காட்டினாள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அவள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "மூணு மணி நேரம் கழிச்சு, நடந்தது எதுவும் தெரியாம பொஞ்சாதி வந்தா. அவகிட்டயும் கேட்டாவ. அவளும் அதே பொய்யச் சொன்னா. அவளும் விழுந்தா. புருசனைப் புதைச்சிட்டு வந்த ஆளுக செருப்பைக்கூடக் கழத்தலை, இவளையும் தூக்கிட்டுப் போனாவ."

இன்பம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முதலில் புருசன். அய்யா நேற்றே வந்திருக்க வேண்டியவர், வரவில்லை. பிறகு பெண்சாதி. அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள். ஏசம்மாள் படச்சீட்டுக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இன்பம் சீட்டைக்கூட வாங்கவில்லை. எழுந்து ஓட்டமாய் ஓடினாள். "ஏட்டி இன்பம், எங்க போற?" என்று பின்னால் கேட்ட குரல் அவள் காதில் ஏறவே இல்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே அம்மாவின் இரண்டு கால்கள் தரையில் நீட்டிக் கிடந்தன. குப்புற விழுந்து கிடக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து மண்ணில் பரந்திருக்கிறது. ஆடவில்லை, அசையவில்லை.

இன்பம் போட்ட சத்தத்தில் கறுப்பி அடையை விட்டு எழுந்துவிட்டது. பஞ்சாரத்துக்குள் கையை விட்டுக் கட்டெறும்பு பொறுக்கிக்கொண்டிருந்த அன்னத்தாய் பதறி எழுந்தாள். கையில் எறும்பு கடித்துத் தடித்திருந்தது.

"என்னட்டி, என்ன? பாம்பா?"

இன்பம் அம்மாவை இடுப்போடு கட்டிக்கொண்டாள். தேம்பலோடு கதை முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. புருசன், பெண்சாதி, மூன்று மணி நேரம், செருப்பு எல்லாம்.

அன்னத்தாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் செத்துப் போனேன்னா ஓடியாந்த? எறும்புல்லட்டி பாத்துக்கிட்டிருந்தேன். எறும்பு ஏறினா கறுப்பி எந்திரிச்சுப் போயிருமே."

"யம்மா, நீ டீச்சரம்மாகிட்ட ஒண்ணும் சொல்லலையே. பொய் சொன்னது நானில்லா? அப்ப நான்தான் விழுவேனா?"

அன்னத்தாயின் சிரிப்பு நின்றுபோனது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய் வழிய வாரி, ரிப்பன் கட்டி அனுப்பிய முகம் அழுது அழுது மண் அப்பிக் கிடந்தது. தன் ரோசத்தைக் காப்பாற்ற ஒரு பச்சைப்பிள்ளையின் வாயில் பொய்யை வைத்து அனுப்பினோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வா" என்றாள்.

முடியை அள்ளி முடிந்துகொண்டு, மண் ஒட்டிய சேலையோடேயே பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தாள். வேப்பமரத்தில் இரண்டாம் மணி அடித்து, பாட்டு முடிந்து, உபதேசியார் ஞானதுரை ஜெபம் பண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரே அன்னத்தாய் நின்றாள். பெண்கள் பக்கம் போய் உட்காராமல் நடுவில் நின்றாள். ஆண்கள் பக்கம் கடைசியில் சத்தியநேசன், காலில் சுண்ணாம்பு காயாமல், அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அய்யாவைக் கண்டதும் இன்பத்துக்கு ஒரு பயம் விட்டது.

"அய்யா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் அன்னத்தாய் உபதேசியாரிடம். "எங்க கோழி போன ஞாயித்துக்கெழமை இட்டுச்சு. அந்த முட்டை தெரியாம அடையில போயிட்டு. எதுன்னு இப்ப அடையாளம் இல்ல. கேட்டா இடலைன்னு சொல்லுன்னு நான்தான் பிள்ளைகிட்டச் சொல்லிவிட்டேன். அது அவ சொன்ன பொய் இல்ல. என் பொய். எதுவும் வாரதுன்னா எனக்கு வரட்டும்."

செல்லக்கனி வாயைத் திறக்கப் போகிறாள் என்று அன்னத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். செல்லக்கனி திறக்கவும் செய்தாள்.

"எத்தனை நாள் ஆச்சு அன்னம் அடை வச்சு?"

"அஞ்சு நாள்."

"அப்ப கலைக்கப்பிடாது" என்றாள் செல்லக்கனி உபதேசியாரைப் பார்த்து. "கலைச்சா ஒண்ணும் பொரிக்காது. ஆண்டவருக்கும் ஆகாது, இவளுக்கும் ஆகாது." பெண்கள் பக்கம் முழுக்க, ஆமாம், கலைக்கவே கூடாது என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

ஞானதுரை உபதேசியாருக்கு வேதத்தில் எந்த இடத்திலும் அடைக்கோழி சம்பந்தமாக நியாயம் கிடைக்கவில்லை. தாடையைச் சொறிந்தார். "சரி, இருபத்தோரு நாள் பொறுப்போம். பொரிச்ச பொறவு ஒரு குஞ்சு குடுங்க" என்றார். ஏசம்மாள் எழுந்து வந்து இன்பத்தின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். "பயங்காட்டிட்டேனாட்டி?" என்று காதோரம் கேட்டு, வாங்காமல் ஓடிய படச்சீட்டைக் கையில் வைத்தாள்.

விசயம் மத்தியானத்துக்குள் அய்யம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. கோபமாக வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அன்னம்? உங்க சாமி முட்டைக்குல்ல நான் கோடு போட்டிருக்கேன்." செத்த நேரம் மூக்கைச் சிந்தினாள். பிறகு அன்றையிலிருந்து காவல் அவள்தான். காலையில் கறுப்பியைத் தூக்கி விட்டுக் கம்பு போடுவாள், தண்ணீர் காட்டுவாள், எறும்புக்குச் சாம்பல் தூவுவாள். இடி இடிக்கிற போதெல்லாம் முதலில் ஓடி வந்து பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போடுகிறவளும் அவள்தான். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கிணற்றடியில் பெண்கள் குடத்தை இறக்குமுன்னே, "என்ன ஆச்சு முட்டை?" என்றுதான் கேட்டார்கள். வேதக்காரத் தெரு, மேலத் தெரு என்றில்லை, ஊரே நாள் எண்ணியது.

இருபத்தோராம் நாள் காலையில் கீச்சுச் சத்தம். பத்துக் குஞ்சு. ஒரு முட்டை மட்டும் பொரிக்கவில்லை. அய்யம்மாள் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். களக்களக் என்றது.

"பேசாம இதுதான் சாமி முட்டைன்னு சொல்லிரு அன்னம்" என்றாள். "யாருக்குத் தெரியும்?"

சபலம் யாரை விட்டது? பத்துக் குஞ்சும் பஞ்சுருண்டை மாதிரி ஓடின. அத்தனையும் தேறினால் வருகிற கோடைக்குள் வீட்டுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிவிடலாம் என்று அன்னத்தாயும் புருசனும் பேசி வைத்திருந்தார்கள். அந்த முட்டையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தால் இன்பம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் யக்கா" என்று முட்டையைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் புதைத்துவிட்டு வந்தாள். "இன்பம், எந்தக் குஞ்சைக் குடுக்கணும்னு நீயே எடு. இதுல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

குஞ்சுகள் கொஞ்சம் தேறட்டும் என்று பன்னிரண்டு நாள் விட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் இன்பம் நொய்யரிசியும் கையுமாகப் பஞ்சாரத்தடியிலேயே கிடந்தாள். பத்தில் ஒன்று, உடம்பெல்லாம் கறுப்பு, ஒரு இறக்கையில் மட்டும் மஞ்சள் பொட்டு, அவள் குரலைக் கேட்டால் தாயை விட்டுவிட்டு ஓடி வரும். பாவாடை மடியில் ஏறிப் படுத்துத் தூங்கும். அவளும் அதோடு சளசளவென்று பேசிக்கொண்டே இருப்பாள். களை எடுக்கப் போன இடத்திலும் அதே பேச்சு. அன்னத்தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிறு காலை இன்பம் பஞ்சாரத்தின் முன்னே குனிந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கை ஒரு குஞ்சிடம் போனது, திரும்பியது. வேறொன்றிடம் போனது, திரும்பியது. கடைசியில் அந்தக் கறுப்புக் குஞ்சைத் தூக்கினாள். அன்னத்தாய்க்கு, 'அதை விடுட்டி, வேற எடு' என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, அரிசிக் கலயத்தை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தாள்.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் எல்லாம் மணலில் முழங்காலில் எழும்பிப் பார்த்தார்கள். ஏசம்மாள் குனிந்து, இன்பத்தின் கைக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா அந்த முட்டையில பொரிச்சது? எப்பிடித் தெரிஞ்சுது உனக்கு?"

இன்பம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அன்னத்தாய் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உதட்டை இறுக்கிக் கடித்தபடி நின்றாள். கண்ணால்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியல டீச்சரம்மா" என்றாள் இன்பம். "எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்."

ஏசம்மாள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். இன்பம் குஞ்சை அதில் வைத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் போய் உட்கார்ந்தாள்.